மணியடிப்பதற்குள் ஒரு ரீஸ்டார்ட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, என் தலையில் கட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்சியிலிருந்து கீரனூர் வரும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தபோது குவைத்திலிருந்து ஜெரால்டு கூப்பிட்டான். ஜெரால்டு என் பெரியப்பா மகன் இன்னாசி அண்ணனின் பையன். அண்ணன் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை, ஆண்டுத் திருப்பலி அடுத்த மாதம்.

"சித்தப்பா, அம்மா தலைசுத்தி விழுந்துட்டாங்களாம். பிரஷர் எகிறிக் கெடக்குதாம். மாத்திரையே போடலையாம். ஏன்னு கேட்டா கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்கதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு, ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன்."

நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அல்ல. கம்ப்யூட்டரில் கதை அடிப்பவன். தட்டச்சுச் சத்தம் கேட்டால் போதும், எங்கள் சொந்தத்தில் அடிப்பவனை எஞ்சினியர் ஆக்கிவிடுவார்கள். எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதி விட்டுவிட்டவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

"ஆவூர்ப் பக்கத்து வயல்களின் மீது பொன்மாலை கவிந்துகொண்டிருந்த வேளையில் ஷர்லி தன் கணவனின்…" (பொன்மாலையோடு நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு அடித்தது வெயில். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.)

"கணினியின் திரை, ஷர்லியின் வாழ்வைப் போலவே, வெறுமையாக…" (ஷர்லி, ஜெரால்டின் அம்மா, எனக்கு மதினி. இதைப் படித்தால் விளக்குமாற்றை எடுப்பார்.)

"ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் ஒரு மனுஷி மாத்திரையை நிறுத்துவாளா?" (இது பரவாயில்லை. ஆனால் கேள்வியோடு தொடங்கினால் பதில் சொல்லியே ஆகவேண்டும். என்னிடம் இன்னும் பதில் இல்லை.)

3

கெட்டது கம்ப்யூட்டர் அல்ல, அதற்குள் இருந்த அண்ணனின் யூசர் புரொஃபைல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கும் நேற்றுவரை தெரியாது. ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு புரொஃபைல் இருக்கும். நம் படம், நாம் அடுக்கிய அடுக்கு, நாம் வைத்த அலாரம் எல்லாம் அதற்குள் இருக்கும். அது கெட்டுப்போனால் மெஷின் நம்மை வெளியே நிறுத்தாது. ஒரு தற்காலிகப் புரொஃபைலைத் திறந்து உள்ளே உட்கார வைக்கும். லாட்ஜ் அறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்துவிட்டுப் போனதும் விரிப்பை உதறிவிடுவார்கள்.

மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அதைச் சொல்லவும் செய்கிறது: இங்கே நீங்கள் செய்பவை எல்லாம், வெளியேறியதும் அழிந்துவிடும்.

இந்தக் கதையை அந்த அறையில் உட்கார்ந்துதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். பெயரெல்லாம் அப்படியே இருக்கிறது. பட்டனை அமுக்கினால் இன்னாசி என்ற பெயரும் அவருடைய முகமும் வருகின்றன. ஆனால் பின்னால் இருந்த படம் இல்லை. ஜெரால்டு சின்ன வயதில் கோயிலில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, மாலையும் மெழுகுவர்த்தியுமாக அழுதுகொண்டு நிற்கிற படம் அது. இப்போது அங்கே ஒரு நீலம் மட்டும் இருக்கிறது.

4

நேற்று, சனிக்கிழமை காலையில் ஆவூருக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மதினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி.

"வாங்க தம்பி. ஒங்கள எதுக்கு அலைய விடுறான் அவன்?"

"இருக்கட்டும் மதினி. ஏன் மாத்திரை போடல?"

"அது கூப்புடல."

"எது கூப்புடல?"

மோவாயால் கம்ப்யூட்டரைக் காட்டினார். கேட்டுக் கேட்டு வாங்கியதைச் சுருக்கித் தருகிறேன். குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய அண்ணன், மகனை வீடியோவில் பார்க்க வாங்கிய கம்ப்யூட்டர் இது. மதினிக்குப் பிரஷர் வந்ததும் அதில் ஒரு அலாரம் வைத்தார். தினமும் ஐந்தே முக்காலுக்கு டிங் என்று ஒரு சத்தம் வரும், திரையில் அண்ணன் எழுதிய ஒரு வரி வந்து நிற்கும். மதினி அடுப்படியிலிருந்தாலும் கொல்லையிலிருந்தாலும் எழுந்து போய் மாத்திரை போடுவார். ஆறு மணிக்குக் கோயிலில் மூவேளை செப மணி அடிக்கும்முன் அண்ணன் மெஷினை முறைப்படி மூடிவிடுவார். மணியடித்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்று செபிப்பார்கள்.

அண்ணன் போனபிறகும் மதினி அதை விடவில்லை. அவர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்துகிற கையோடு கம்ப்யூட்டரையும் போட்டுவிடுவார். டிங் என்று கேட்கும். மாத்திரை உள்ளே போகும்.

"அந்த வரியில என்ன எழுதியிருக்கும் மதினி?"

"படிச்சதில்ல தம்பி."

"ஒருவாட்டிகூடவா?"

"சத்தம் கேட்டதும் எந்திரிச்சு மாத்திரை டப்பாவத் தேடிப் போயிருவேன். திரும்பி வந்தா மறைஞ்சிருக்கும். அவுக எழுதுனதுன்னு தெரியும்ல, அது போதாதா?"

மதினியின் கண்கள் கலங்கின.

(மேலே உள்ள வரியைப் பற்றிப் பின்னால் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது.)

5

ஜெரால்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று எழுதியதில் அவன் கல்நெஞ்சக்காரனாக வந்துவிட்டான். "பேசாம ஃபார்மேட் போட்டுருங்க சித்தப்பா, பழைய டப்பா அது" என்று அவன் சொன்னது உண்மைதான். அதை மட்டும் எடுத்துப் போட்டால் கதைக்கு ஒரு வில்லன் கிடைப்பான், எனக்கும் சௌகரியம்.

ஆனால் அடுத்து அவன் சொன்னதையும் போட்டாக வேண்டும். "அம்மா போன்ல அலாரம் வச்சுக் குடுத்தேன் சித்தப்பா. என் கொரல்லயே. அம்மா மாத்திரை போடுங்கன்னு ரெக்கார்டு பண்ணி. அத அமத்திட்டு வேலையப் பாக்குறாங்க. அப்பா சொன்னாத்தான் போடுவாங்களாம். அப்பாவ நான் எங்க போய்க் கூட்டிட்டு வாரது?"

அவனுக்கு அங்கே ஷிப்ட் தொடங்குகிற நேரம். தகப்பனை அடக்கம் செய்ய வந்துவிட்டு, லீவு முடிந்ததும் திரும்பிப் போனவன். தாய்க்கும் அப்படி ஆகிவிடுமோ என்கிற பயத்தில்தான் அந்த மெஷினைத் தூக்கி எறியச் சொல்கிறான். எனக்கும் அதே பயம்தான். எனக்கு மெஷினைத் தூக்கி எறியத் தைரியமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

6

காரணத்தை நேற்று சாயங்காலம் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்லக்கூடாது, என் தலையில் வந்து விழுந்தது.

மதினி பஞ்சாயத்துக் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் இந்தக் கதையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கம் ஓடியிருக்கும். மதினி வந்தார், குடத்தை இறக்கினார், கோயில் மணி அடித்தது. நெற்றியில் சிலுவை போட்டபடியே சுவர்ப்பக்கம் போய் சுவிட்சைத் தட்டினார். மின்விசிறி, டி.வி., கம்ப்யூட்டர், என் இரண்டு பக்கம், எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

(எல்லாம் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இருக்கின்றன. யூ.பி.எஸ்.ஸின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதன்மேல் இப்போது லூர்து மாதா சுரூபம் இருக்கிறது.)

இருட்டில் மதினி செபிக்கிறார். நானும் எழுந்து நிற்கிறேன், வாய் மட்டும் அசைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை இப்படி வெடுக்கென்று நிறுத்தினால் புரொஃபைல் கெட்டுப்போகும் என்று மத்தியானம்தான் போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அண்ணன் மணிக்கு முன்னால் மூடுவார். மதினி மணிக்கு நிறுத்துகிறார். இத்தனை மாதமாக, ஒரு நாள் விடாமல். அண்ணன் குரலைக் கேட்பதற்காகப் போட்ட மெஷினை, அவரோடு சேர்ந்து நின்ற செபத்துக்காக அணைத்து அணைத்துத்தான் அந்தக் குரலே போயிருக்கிறது.

இதைக் கதையில் எழுதலாம். மதினியிடம் சொல்லமுடியுமா? செபம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேட்டார்.

"எதனால தம்பி கெட்டுச்சு?"

"கரண்ட் ஏறி ஏறி எறங்குறதாலதான் மதினி."

பொய் சொன்னேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? ஆனால் உண்மையைச் சொல்லாமல் சரிசெய்தால் மறுபடி கெட்டுப்போகும். மறுபடி மாத்திரை நிற்கும். மறுபடி விழுவார். அடுத்த தடவை நெற்றியோடு போகும் என்று யார் சொல்வது? ராத்திரி கீரனூர் திரும்பும்போது வண்டியில் முழுக்க இதே நினைப்பு.

7

இன்று ஞாயிறு. மத்தியானத்திலிருந்து வேலை நடக்கிறது.

மெஷினின் வயிற்றுக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு இடம் இருக்கிறது. கை வைக்காதே என்று எல்லோரும் எச்சரிக்கிற இடம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து உள்ளே போனேன். ஒரே நீளமான எண் இரண்டு தடவை இருந்தது. ஒன்றின் கடைசியில் மட்டும் ஒரு புள்ளியும் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் வால் மாதிரி ஒட்டியிருந்தன. வால் முளைத்தது அண்ணனுடையது. மெஷின் அவரை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அவர் இடத்தில் இந்தத் தற்காலிகத்தை உட்கார வைத்திருக்கிறது. இரண்டின் பெயரையும் மாற்ற வேண்டும். அண்ணனுடைய வாலை எடுத்துவிட்டு, தற்காலிகத்துக்கு ஒரு வாலை ஒட்டவேண்டும். பிறகு ரீஸ்டார்ட். ஒரு எழுத்து தவறினால் எதுவுமே திறக்காமல் போகலாம் என்று வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். இதில் என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

பெயர்களை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். படங்கள், பாட்டுகள், ஜெரால்டின் சான்றிதழ்கள் எல்லாம் பென்டிரைவுக்கு வந்துவிட்டன. வராதது அந்த டிங்கும் அந்த வரியும்தான். அவை எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று தேடித் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. அதைச் செய்யாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பயம் வந்தால் எனக்கு எழுத வரும்.

ஒருவேளை அண்ணன் திரும்ப வராவிட்டால்? புதுப் புரொஃபைல் போட்டு, ஒரு அலாரம் வைத்து, அந்த வரியை நானே எழுதிவிட்டால் என்ன? மதினிதான் படித்ததில்லையே. முயன்று பார்த்தேன்.

"ஷர்லி, மாத்திரை போட்டியா?" (அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ஏ, இங்கிட்டு வா' என்பார்.)

"மறக்காமல் மாத்திரை சாப்பிடவும்." (இது மருந்துக்கடை போர்டு.)

"நான் இல்லாவிட்டாலும்…" (சீ.)

அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அவர் பெண்டாட்டியிடம் சொல்கிற ஒரு வரி எனக்கு வரவில்லை. இத்தனை கதையில் இத்தனை புருஷன்களைப் பேச விட்டிருக்கிறேன், அத்தனையும் நானேதான் பேசினேனோ என்று சந்தேகமாகிவிட்டது.

8

"தம்பி, இதுல நான் சுவிட்ச அமத்துனதாலன்னு எழுதியிருக்கீங்க."

மேலே உள்ள வாக்கியம் நான் யோசித்து எழுதியது அல்ல. எழுதியதை மேலிருந்து திருப்பிப் படித்துக்கொண்டிருந்ததில் மதினி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. அண்ணன் தன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று இந்த மெஷினில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார், அதைப் பார்த்த பழக்கத்தில் நானும் பெரிதாக வைத்திருந்தேன். கையில் காப்பியோடு, எத்தனை நேரம் நின்றாரோ, ஆறாம் பகுதி முழுவதையும் படித்திருக்கிறார்.

"இல்ல மதினி, மெஷினும் பழசு…"

"எழுதியிருக்கீங்கள்ல. எழுதிட்டு இல்லங்காதீங்க."

காப்பியை மேசையில் வைத்தார். என்னால் தலையைத் தூக்கமுடியவில்லை.

"அண்ணன் மூடுறதுக்குச் சொல்லிக் குடுக்கலையா மதினி?"

"குடுத்தாக. அந்த பட்டன் எங்க இருக்குன்னு பாத்தீங்கள்ல? அவுக மொகம் வருது, அதுக்குக் கீழ. அத அமுக்கி அவுகள நானே அமத்தணுமா? மணியடிச்சா எப்படியும் எல்லாத்தையும் நிப்பாட்டணும். சாமிக்கு நிப்பாட்டுனதா இருக்கட்டும்னு சுவிட்சத் தட்டிருவேன்."

காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"அப்பறம், நான் எப்பத் தம்பி கண்ணு கலங்குனேன்? அத எடுத்துருங்க."

எடுக்கவில்லை. எடுத்தால் அவர் சொன்னது உங்களுக்குத் தெரியாமல் போகும். அவர் கலங்கவில்லை. கலங்கியது நான்தான், வரியில் ஆளை மாற்றிப் போட்டுவிட்டேன்.

"ஒருவேளை வரலைன்னா, அதே மாதிரி நான் எழுதி வச்சுத் தரவா?" என்று கேட்டேன். அந்த மூன்று வரியையும் அவர் படித்திருப்பார் என்பது கேட்டபிறகுதான் உறைத்தது.

"நீங்க எழுதுனா நீங்க கேக்குறதுதான் தம்பி. நீங்க கேட்டா போட்டேன்னு சொல்லிட்டு இருந்துருவேன். ஜெரால்டுகிட்டயும் அப்படித்தான் சொல்றேன். அவுககிட்டப் பொய் சொல்ல வராது."

"மாத்திரைய விட்டா என்ன ஆகும்னு தெரியும்ல மதினி?"

"தெரியாமயா? காலைல எந்திரிக்கிறது, ஒல வைக்கிறது, எல்லாம் யாரும் கேக்காமத்தான் செய்யிறேன். அந்த ஒண்ணுதான் கேக்க ஆளு இருந்து செஞ்சது. அதையும் நானாப் போட்டுக்கிட்டா, அவுக இல்லைங்கிறதுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

9

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று. ரீஸ்டார்ட் ஆகிறது. நீலம் போய், புது நன்மைச் சட்டையில் ஜெரால்டு அழுதுகொண்டு நிற்கிறான். ஐந்தே முக்காலுக்கு டிங். மதினி எழுகிறார், நான் பாய்ந்து அந்த வரியைப் படிக்கிறேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

இரண்டு. ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதே நீலம். மூலையில் அதே கட்டம். நான் ஏதேதோ சமாதானம் சொல்கிறேன். மதினி "பரவால்ல தம்பி" என்கிறார். அந்தப் பரவாயில்லையை என்னால் எழுதமுடியாது.

மூன்று. நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். மணியடிக்கிறது. மதினி பழக்கத்தில் சுவிட்சைத் தட்டுகிறார். மாற்றி வைத்த ரெஜிஸ்ட்ரி, அண்ணன், எல்லாம்…

மூன்றாவதைத் தடுக்கவேண்டுமானால் நான் இப்போதே நிறுத்தவேண்டும். கதையைப் பென்டிரைவில் போட்டாயிற்று, மிச்சத்தையும் அதிலேயே அடிக்கிறேன். கதைகள் எப்போதும் தப்பித்துக்கொள்கின்றன, நகலெடுத்தால் போதும். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

10

மதினி ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்கிறார்.

"எந்திரிங்க தம்பி. நான் அமுக்குறேன்."

"ரீஸ்டார்ட்டையா?"

"அமத்துறதும் அதுவும் ஒரே எடத்துலதான இருக்கு? இனிமே தெனம் நான்தான் அமுக்கணும். இன்னைக்கே அமுக்கிப் பழகிக்கிறேன்."

"வரலைன்னா மதினி?"

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பார்க்கிறார். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. நான் எழுந்தால்தான் அவர் உட்காரமுடியும், எழுந்தால் கதை இங்கேயே நின்றுவிடும். இந்த வரியை அடிக்கிறபோதே அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார்.

ஆகவே மிச்சம் உங்களுடையது. அண்ணன் திரும்ப வந்துவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை, சந்தோஷமாகப் புத்தகத்தை மூடிவிடலாம். வராவிட்டால், ஐந்தே முக்காலுக்கு யாராவது கேட்டாக வேண்டும். நான் கேட்டால் பொய் சொல்லிவிடுவார். மகன் கேட்டாலும் அதேதான். பொய் சொல்வதெல்லாம் தெரிந்தவர்களிடம்தான். உங்களை மதினிக்குத் தெரியாது.

என்ன வார்த்தை, எப்படிக் கூப்பிடுவது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு வரவில்லை என்று பார்த்தீர்கள் அல்லவா? உங்கள் வீட்டில் எப்படிக் கேட்பீர்களோ அப்படி, கொஞ்சம் சத்தமாக. அவர் அடுப்படியில் இருந்தாலும் இருப்பார்.

மாத்திரை தட்டில் இருக்கிறது. கேட்டுவிடுங்கள்.